முதலில் வாய், பிறகு கை

தெஷியூவுக்கு ஒரே ஒரு சொல் எமனாக வந்து நின்றது. சான்ஃபூ. தள்ளாடுகிறவரின் முழங்கையையும் முதுகையும் தாங்கி நடத்திப் போவதற்கு ஏட்டில் இருக்கும் மரியாதையான சொல். ஷாங்காய் முதியோர் இல்லத்தில் எட்டு வருடமாக அந்த வேலையைத்தான் நாளுக்கு ஐம்பது தடவை செய்கிறாள். ஆனால் சிச்சுவான் ஊர்ப்பேச்சு பழகிய அவளுடைய வாயில் வருவதென்னவோ "பிடிச்சுக்கோ, வா" என்பதுதான்.

பராமரிப்பாளர் சான்றிதழ் கையில் இருந்தால் சொந்த ஊர் முதியோர் இல்லத்திலேயே வேலை தருவார்கள். அங்கே நாத்தனார் வீட்டில் வளர்கிறாள் ஒன்பது வயது மகள் லிங்யுன். புத்தாண்டுக்குப் புத்தாண்டு பார்க்கிற முகம். இரண்டு வருடமாக அந்த லீவும் கிடைக்கவில்லை.

அந்தச் சான்றிதழுக்கான தேர்விலோ, எதைச் செய்வதானாலும் முதலில் ஏட்டு மொழியில் சொல்லி, எதிரில் இருப்பவர் "சரி" என்ற பிறகே தொட வேண்டும். போன தடவை, நோயாளியாக நடித்த பெண் லேசாகச் சாய்ந்ததும் தெஷியூவின் கை ஓடிப்போய்ப் பிடித்துவிட்டது. வாய் திறக்கவே இல்லை. விழப்போகிறவளைப் பிடித்ததற்காக ஒருத்தியைத் தோற்கடித்த கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அதிலிருந்து தினமும் வீடியோ அழைப்பில் மகள்தான் பரீட்சை வைத்தாள்.

"நான்தான் பாட்டி. விழப்போறேன்," என்று நாற்காலியில் சாய்வாள்.

"பிடி..."

"தப்பு. மறுபடி சொல்லு."

"நான் இப்போது தங்களைச் சான்ஃபூ செய்கிறேன். சரிங்களா?"

"சரி. மார்க் உண்டு."

ஒருநாள் லிங்யுன் கேட்டாள். "என்னை எப்பவாவது அப்படிப் பிடிச்சிருக்கியாம்மா?"

"நீ நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே நான் இங்க வந்துட்டேன்டி."

அழைப்பு முடிந்தும் தெஷியூ அணைந்த திரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தடவை தேறினாள். மூட்டை முடிச்சோடு ஊர் பஸ் நிலையத்தில் இறங்கியபோது, லிங்யுன் அத்தையின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் பார்த்ததைவிட உயரமாக இருந்தாள். அள்ளிக்கொள்ள ஓடினாள் தெஷியூ. குழந்தை கூச்சத்தில் ஓரடி பின்வாங்கியது. அவ்வளவுதான், தெஷியூ மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லிங்யுன் மெல்ல எதிரில் வந்து நின்றாள். கையை நீட்டினாள், தொடவில்லை.

"நான் இப்போது தங்களைச் சான்ஃபூ செய்கிறேன். சரிங்களா?"

தெஷியூ தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயால சொல்லணும்மா. தலையாட்டினா மார்க் கிடையாது."

"சரி," என்றாள் தெஷியூ.

அதற்குப் பிறகுதான் அந்தச் சின்னக் கை அவள் முழங்கையைப் பிடித்தது.