மாமனாரின் தண்ணி ஓட்ஸ்

ஓட்ஸ் விஷயத்தில் மட்டும் நம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். மற்றபடி தங்கமான மனுஷன். பல் டாக்டரம்மா ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பல் செட்டு செய்கிறவர். சிநேகிதர்கள் 'செட்டு' என்றே கூப்பிடுவார்கள்; கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் காலையில் அடுப்படிக்குள் நுழைந்தால் ஆளே வேறு. ஓட்ஸ் என்றால் கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியை நட்டால் நிற்க வேண்டும். உப்பு, மிளகு, மேலே ஒரு கை வறுத்த வேர்க்கடலை. பாலும் சர்க்கரையும் ஊற்றிக் குடிப்பது காய்ச்சல்காரர்களுக்கு என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சியாக வந்து சேர்ந்தார் மாமனார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனிக்கட்டை. ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தார். போகவே கூடாது, இனி இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பது மகளின் ஆசை. அதற்காக மாடி அறையை ஒழித்து, புது மெத்தை வாங்கிப் போட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாளை ஓட்டினாள். செட்டுக்கும் அதே ஆசைதான். மாமனார் மேல் அவருக்கு உயிர்.

ஆனால் அந்த ஓட்ஸ்! ஒரு பிடியைப் பாத்திரம் நிறையப் பாலில் போட்டு, குழையக் குழையக் காய்ச்சி, டம்ளரில் ஊற்றி, ஆற்றி, கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடிப்பார்.

"மாமா, இது ஓட்ஸா, ஓட்ஸ் குளிச்ச தண்ணியா?"

"எனக்கு இப்படித்தான் இறங்குது மாப்ள."

"இறங்கினா ஆச்சா? மெல்ல வேணாமா? பின்ன அந்தப் பல்லை எதுக்கு மாட்டி விட்டேன்?"

அந்தப் பல் செட்டும் செட்டு செய்ததுதான். மாமனார் பொக்கை வாயோடு வந்து இறங்கியதும் முதல் வேலையாக அச்செடுக்க வைத்து, முன்பற்களின் நிறத்தையும் வரிசையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, மெருகேற்றி, தன் வாழ்நாளின் சிறந்த வேலை இதுதான் என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் மாமனாரைக் கூப்பிடுவார்.

"மாமா, கொஞ்சம் சிரிங்க."

மாமனார் சிரிப்பார். வந்தவர்கள் பாராட்டுவார்கள். நம்மாள் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். அந்த அடக்கத்தைப் பிற்பாடு அவரே நடித்துக் காட்டுவார், பார்க்கச் சகிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழுந்து, இருந்த பாலையெல்லாம் தயிருக்கு உறை ஊற்றிவிட்டார். ஒரே பாத்திரம், ஒரே ஓட்ஸ், கெட்டியோ கெட்டி. வேர்க்கடலை வழக்கத்தைவிட இரண்டு பங்கு. மாமனார் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், உட்கார்ந்து சாப்பிட்டார். நிதானமாக, ஒவ்வொரு வாயாக. பாதியில் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா?" என்று செட்டு மனைவியின் காதில் சொன்னார். "ருசியில கண்ணே கலங்கிடுச்சு மனுஷனுக்கு."

அன்று சாயங்காலம் மாமனார் துணி மடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கிளம்புவதாகச் சொன்னார். வீடு பூட்டியே கிடக்கிறதாம், தூசி அடைந்துவிடுமாம். மகள் கெஞ்சிப் பார்த்தாள். "வந்துட்டுப் போறேம்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மகள் கீழே இறங்கி வந்தவள் நேராகப் புருஷன் முன்னால் நின்றாள்.

"எங்கப்பா தண்ணியா குடிச்சா உங்களுக்கு எங்கங்க வலிக்குது?"

"நான் அவர் நல்லதுக்குத்தான..."

"ஒரு டம்ளர் ஓட்ஸை நிம்மதியா குடிக்க முடியல இந்த வீட்டுல. அதான் போறார். அவர் போனா, நாளைக்கு அங்க தனியா விழுந்து கிடந்தாகூட நமக்குத் தெரியாது. நல்லா கிண்டுங்க, கெட்டியா."

ஓட்ஸுக்காக ஒரு பெரிய மனுஷனை வீட்டை விட்டு விரட்டியவன் என்று பேர் வாங்கப் போகிறோமே என்று செட்டுக்கு வேலையில் கை ஓடவில்லை. ஒரு நாள் மெழுகில் கீழ்ப்பல்லை மேலே நட்டுவிட்டு, டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வியாழக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினார். வழியில் பால் வாங்கினார், சர்க்கரை வாங்கினார். மாமா ஓட்ஸில் நீந்தட்டும், நமக்கென்ன வந்தது என்று முடிவே செய்துவிட்டார்.

வீட்டில் சத்தமில்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அடுப்படியில் மாமனார் திரும்பி நின்றுகொண்டிருந்தார். கையில் காலையில் மிஞ்சிய பாத்திரம். கெட்டி ஓட்ஸ், ஆறிப் பாறையாகிப் போனது. அதைக் கரண்டியால் பெயர்த்துப் பெயர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெறும் ஈறால், வலது பக்கமாக ஒதுக்கி. வேர்க்கடலை நொறுங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. பல் செட்டு குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் கிடந்தது.

"மாமா!"

மாமனார் பதறிப்போய்ப் பல்லை எடுத்து மாட்டினார். தலைகீழாக.

"கழட்டுங்க மாமா. கழட்டுங்க. வாயைத் திறங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இடது பக்கக் கீழ் ஈறு சிவந்து புண்ணாகிக் கிடந்தது. செட்டு பால் பாக்கெட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் போகிறவனுக்கெல்லாம் பல் கட்டுகிறவன், வீட்டுக்குள் ஒருவர் வலியில் கண் கலங்கியதை ருசி என்று நினைத்தானே! இந்த உலகத்தில் தன்னைவிடப் பெரிய முட்டாள் இருந்தால் அவனுக்கு மாலை போட்டுக் கும்பிடலாம் என்று தோன்றியது.

"ஏன் மாமா சொல்லல? டாக்டரம்மாகூட குத்துதான்னு கேட்டாங்களே. பிரமாதம்னு சொன்னீங்களே?"

"நீங்க பக்கத்துலயே நின்னீங்க மாப்ள. முகமெல்லாம் பூரிச்சுப் போயி." மாமனார் பாத்திரத்தை வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் காட்டினீங்க. எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போயிட்டா கழட்டி வச்சுட்டு, இதே மாதிரி கெட்டியா கிண்டித் தின்னுட்டு இருக்கலாம்னு பாத்தேன்."

"அப்ப கெட்டி ஓட்ஸ்தான் உங்களுக்கும் பிடிக்குமா?"

"தண்ணியா எவன் குடிப்பான் மாப்ள?"

அப்போதே இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டரம்மா பல் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்பல்லு ஜோரா இருக்கு. கடவாய்ப்பல்லு எல்லாம் யாருங்க பண்ணது, நீங்கதானா?"

செட்டுதான். சிரித்தால் தெரிகிற பல்லுக்கு ராப்பகலாக உழைத்தவர், மெல்லுகிற பல்லை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டிருந்தார். அது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ராவினார். மாட்டிப் பார்க்கச் சொன்னார்.

"குத்துதா மாமா?"

"இல்ல மாப்ள, இப்ப..." என்று ஆரம்பித்த மாமனார், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "குத்துது."

மறுபடியும் ராவினார். மறுபடியும் குத்தியது. மாமனாருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இங்கே குத்துகிறது, அங்கே உரசுகிறது, மேல் வரிசை ஆடுகிறது, அப்படியே அந்த மாடி அறை ஃபேன் கடகடவென்று தூங்க விடவில்லை என்பதுவரை வந்துவிட்டார். செட்டு தலையை ஆட்டிக்கொண்டே ராவினார். விளக்குப் போட்ட பிறகுதான் மாமனார் ஆளை விட்டார்.

இவ்வளவையும் கேட்ட மனைவி முதலில் புருஷனைத் திட்டினாள், பிறகு அப்பாவைத் திட்டினாள். ஆனால் சனிக்கிழமை காலையில் பை என்னவோ வாசலில்தான் இருந்தது. போகாதீர்கள் என்று கேட்க செட்டுக்கு நாக்கு எழவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அடுப்படிக்குப் போய் வழக்கம்போல் ஓட்ஸ் கிண்டினார், மூன்று தட்டில் வைத்தார்.

மாமனார் முதல் வாயைக் கடவாயில் வைத்து நன்றாக மென்றார். இரண்டாவது வாயையும் மென்றார். மனைவி சாப்பிடாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா மாமா?"

"இல்ல. நெசமாவே இல்ல."

"அப்ப ஓட்ஸ் எப்படி இருக்கு?"

"உண்மையைச் சொல்லலாமா?"

"தாராளமா."

"நல்லாவே இல்ல மாப்ள. அடிப்பிடிச்ச வாடை. மிளகை யாராவது முழுசா போடுவாங்களா? இத்தனை நாளா இதைத்தான் சாப்பிடு சாப்பிடுன்னு சொன்னீங்களா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செட்டு ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டுப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ருசி பார்த்தது போல இருந்தது. அடிப்பிடித்துத்தான் இருந்தது.

மாமனார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"நாளைக்கு நான் கிண்டறேன்," என்றார்.