கரைக்கு வா

என் மாமியார் குடும்பத்தோடு வேனில் ஊர் ஊராகச் சுற்ற ஒரு தனித் தெம்பு வேண்டும். கிளம்பி ஒரு வாரம் ஆகிவிட்டது. மாமியாருக்கு ஜன்னலோரம், நாத்தனாருக்கும் ஜன்னலோரம், எனக்கு நடுவில் சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் இடம். அவர்கள் பக்கத்துச் சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். என் பிறந்த ஊர் கடலோரச் சாலையில் வழியிலேயே இருப்பதால் தப்பித்தது. சுற்றிப் போக வேண்டியிருந்தால் அதையும் 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்றிருப்பார்கள்.

நாளை மறுநாள் வந்து ஒரு முழு நாள் தங்குவதாகத்தான் பேச்சு. அப்பாவிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். இன்று காலையில் மாமியாருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. உடனே திட்டம் மாறியது. மதியத்துக்கு என் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டுமாம். வேனிலிருந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

"இன்னைக்கா வர்றீங்க?" என்றாள் அம்மா. "அப்பா விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குப் போயிட்டாரே!"

அப்பாவைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் அவர் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, நாத்தனார் மகள் கல்யாண வேலையைக் காட்டி என்னை அனுப்பவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆறவும் ஆறாது. இந்தத் தடவை அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நான் இந்த ஊரைத் தாண்டுவதாக இல்லை.

வீட்டில் இறங்கியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா எல்லோருக்கும் பரிமாறினாள். நான் ஒரு வாய் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், வாசலிலிருந்து படகுத்துறைக்கு ஓடினேன், அங்கிருந்து திரும்ப வீட்டுக்கு. தெருவெல்லாம் அதே டீசல் வாசம், அதே ஈர வலை வாசம். நின்று ரசிக்கத்தான் நேரமில்லை. துறையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"இன்னைக்கு எல்லாரும் ரொம்பத் தூரம் போயிருக்காங்கம்மா. திரும்பி வரப் பொழுது சாயும்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தால், மாமியார் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் தன் ஈரத் துணிகளை வேன் கதவில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போலாம் அத்தை" என்றேன்.

"எனக்கென்னம்மா, தாராளமா இருக்கலாம். டிரைவர்தான் இருட்டுல ஓட்ட மாட்டேங்கறான்" என்றார் மாமியார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது சரிதான். ஆனால் இங்கே அந்த டிரைவர் மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மாமியாரே சாமி, மாமியாரே பூசாரி.

என் கணவர் நல்லவர். அதுதான் அவரிடம் கஷ்டமே. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போனார். கொஞ்ச நேரத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி திரும்பி வந்தார்.

"கவலைப்படாதே. துறையில ஒயர்லெஸ் ரூம் இருக்கு, நீ சொல்லவே இல்லையே? அங்க போய், மாமாவை உடனே கரைக்கு வரச் சொல்லுங்கன்னேன். அங்க இருந்தவரும் மறுபேச்சுப் பேசாம மைக்கை எடுத்துக் கூப்பிட்டுட்டார். ரொம்பத் தங்கமான மனுஷன், என்னைத் தட்டிக்கூடக் கொடுத்தார்."

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

இவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் மீன் விலைக்கும் காற்றுக்கும் ஒயர்லெஸ்ஸில் ஆயிரம் பேசுவார்கள். வீட்டு விஷயத்துக்கு மட்டும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். பேரன் பிறந்தால்கூடப் படகு வந்த பிறகுதான் சொல்வார்கள். ஒருவரைப் பேர் சொல்லிக் 'கரைக்கு வா' என்று கூப்பிட்டால், அவர் வீட்டில் சாவு. யார் என்று கூப்பிடுகிறவர் சொல்லமாட்டார், கேட்கிறவரும் கேட்கமாட்டார். அவ்வளவு தூரம் படகை ஓட்டி வர வேண்டுமே, கை நடுங்கக் கூடாதே என்றுதான்.

காலில் வெந்நீர் கொட்டினது மாதிரி ஓடினேன். ஒயர்லெஸ்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் அத்தனை துக்கம்.

"யாரும் சாகலைங்க! திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! வெளியூர் ஆளு, தயங்கித் தயங்கிச் சொன்னாரு. நான் எப்படிம்மா தோண்டிக் கேட்கறது?"

கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பெட்டியில் இரைச்சல்தான் வந்தது.

"செட்டை அணைச்சிட்டாரும்மா. இந்த மாதிரிக் கூப்பிட்டா எல்லாரும் அணைச்சிடுவாங்க. யாருன்னு காதுல விழுந்துடக் கூடாதுன்னு."

நெஞ்சு வலி வந்த மனிதர். நடுக்கடலிலிருந்து அந்தச் சாவுச் செய்தியைச் சுமந்துகொண்டு வருகிறார், எல்லாம் நான் அவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. துறைச் சுவரோரம் நடந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். பின்னாலேயே வந்த இவரை நன்றாகத் திட்டினேன். பாவம், அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

எங்கள் பின்னோடு ஓடி வந்திருந்த அம்மாதான் முதலில் சுதாரித்தாள். "என்னைத்தான் நினைச்சுக்கிட்டு வருவார். சர்க்கரை, பிரஷர்னு எல்லாம் எனக்குத்தானே இருக்கு? நான் துறை நுனியில போய் நிக்கறேன். தூரத்துல வரும்போதே பார்த்துட்டார்னா மனசு ஆறிடும்."

எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அம்மா பளிச்சென்று சிவப்புப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நுனியில் நின்றாள். நான் ஏலக்கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்பா கோபக்காரர். முதலில் அம்மாவைப் பார்த்து நிம்மதியாகட்டும், அப்புறம் மெல்லப் போய்த் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு படகு வந்தது. அப்படி ஒரு வேகத்தில் எந்தப் படகும் துறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பின்பக்கம் வலையே இல்லை, கடலிலேயே அறுத்துவிட்டிருக்கிறார்கள். அப்பா நின்றபடி ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்ததும் சுக்கானை விட்டுவிட்டு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். கூடப் போயிருந்த வலை இழுக்கிறவர் பாய்ந்து வந்து சுக்கானைப் பிடித்திருக்காவிட்டால் படகு சுவரில் மோதியிருக்கும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூணை விட்டு ஓடினேன். "அப்பா!" என்றேன். படகைக் கட்டுவதற்குள் குதித்து உள்ளே போனேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைத் தொட்டார், காதைத் தொட்டார், என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வலை இழுக்கிறவர்தான் சொன்னார். "வழி பூரா இப்படித்தாம்மா. 'பொண்டாட்டின்னா பக்கத்துல இருக்கறவங்க பார்த்துக்குவாங்க. பாப்பாதான் ஒரு வாரமா வேன்ல போய்க்கிட்டிருக்கா'ன்னாரு. அப்புறம் ஒரே ஒரு தடவை, எந்த ரோடு வழியா கொண்டாருவாங்கன்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல? இங்க வந்து பார்த்தா அக்கா உயிரோட நிக்கறாங்க. அப்ப போனது பாப்பாதான்னு உட்கார்ந்துட்டாரு."

நான் அழுதேன். அம்மா கரையில் நின்று அழுதாள். என் கணவர், படகை விட்டு இறங்கிய அப்பாவின் காலடியில் ஈரக் கல்லில் உட்கார்ந்து, "மாமா, நான்தான், தெரியாம..." என்று ஆரம்பித்தார். அது அப்பாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என்னைப் பிடித்த பிடியை விடாமலே படியேறினார்.

மேலே மாமியாரும் நாத்தனாரும் வேனோடு துறைக்கே வந்துவிட்டிருந்தார்கள். விஷயம் அவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

"வாங்க சம்பந்தி. நல்லவேளை, வந்துட்டீங்க" என்றார் மாமியார். "பார்த்தாச்சுல்ல, ஏறும்மா. இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

அப்பா இன்னொரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் யாரிடமும் எதற்கும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, செத்துப்போன பொண்ணு இப்பத்தாம்மா எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்கா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வண்டியில ஏத்தாதீங்க."

மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டே நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நான் காத்திருக்கவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்து, "என் பையை இறக்குங்க" என்றேன்.