ஏரிக்கரையில் நின்ற கரகம்

ஏரியில் அரசாங்கம் படகு விடப்போகிறது என்ற செய்தி கள்ளிக்குப்பத்தில் பரவிய நாளிலிருந்து கங்காதரன் சந்தோஷமாக இருந்தார். தொண்ணூறாம் வருஷம் அது. படகுத்துறை, பூங்கா, பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை என்று சுற்றுலாத் துறை திட்டம் போட்டிருந்தது. அதற்குக் கரையிலிருந்த குடிசைகள் காலியாக வேண்டும். பாடியிலுள்ள ஆலைகளில் மூட்டை தூக்குவதற்காகச் செய்யாறு பக்கமிருந்து வந்து தங்கிவிட்டவர்கள் அங்கே இருந்தார்கள். ஊர்க்காரர்கள் என்றால் ஊர் மந்தைவெளியில் மாற்று மனை. வெளியூர்க்காரர்கள் என்றால் திருவள்ளூரைத் தாண்டி எங்கேயோ. எல்லையம்மன் கோயிலில் முதல் மரியாதை கங்காதரன் குடும்பத்துக்கு. அதனால் யார் ஊர்க்காரர் என்பதைத் தாசில்தார் அவர் வாயால்தான் கேட்கப்போகிறார்.

மந்தைவெளி அவர் வீட்டுக்கு எதிரில் இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் கண்டவர் முகத்திலா விழிப்பது?

"பெரிப்பா, வெளியூருன்னு ஒரே வார்த்த சொல்லிடு" என்றான் தம்பி மகன் வேம்புலி. "படகுத்துறையாண்ட கடை எனக்குத்தான்னு பேசி வச்சிகீறேன்."

"எனக்கு நீ பாடம் சொல்லாதே."

கோயில் வாசலில் நாற்காலி போட்டுத் தாசில்தார் உட்கார்ந்தார். குடிசைக்காரர்கள் ஒரு பக்கம் கும்பலாக நின்றார்கள்.

"இவங்க உங்க ஊர்க்காரங்கதானா, பெரியவரே?"

கங்காதரன் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் கும்பலிலிருந்து பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள்.

"போன ஆடியில அம்மன் கரகம் எங்கூட்டாண்ட நின்னுச்சே, சாமி. நான் மஞ்சத் தண்ணி ஊத்துனேன். நீங்கதானே வேப்பில குடுத்தீங்க?"

உண்மைதான். தெருவைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் கரகம் கரை வழியே போயிற்று. வேம்புலி தலையில் கரகம். அவள் குடத்தோடு குறுக்கே நின்றாள். விரட்டினால் அபசகுனம் என்று கங்காதரன் தலையசைத்துவிட்டார். ஊரைச் சேர்ந்த வீட்டில் மட்டுமே கரகம் தண்ணீர் வாங்கும் என்பது அவர் பாட்டனார் வகுத்த கட்டுப்பாடு.

முதல் மரியாதைக்காக வெகுநாளாகப் போட்டி போட்டுவந்த துலுக்கானம் பல் தெரியச் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, வெளியூர் ஊட்டுல கரகம் தண்ணி வாங்கிச்சா? அப்ப தீட்டுப்பட்டுப் பூடுச்சே. வர்ற ஆடிக்குக் கரகம் எங்க ஊட்லேர்ந்து பொறப்படட்டும்."

வேம்புலி பெரியப்பாவைப் பார்த்தான். கங்காதரன் அவனைப் பார்க்கவில்லை. தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"எங்க கரகம் வெளியூர் ஊட்டுல தண்ணி வாங்காது" என்றார் தாசில்தாரிடம். "இவங்க ஊர்க்காரங்கதான். எழுதிக்குங்க."

திரும்பி நடக்கையில் வேம்புலி முனகினான். "கடை பூட்ச்சே, பெரிப்பா."

"கரகம் உன் தலமேலதானே இருந்தது? நிக்காம நடந்திருக்கணும்."

மறு ஆடியில் கரகம் அவர் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. எதிரிலேயே பஞ்சவர்ணத்தின் புது வீடு. வாசலில் குடத்தோடு நின்றாள். கங்காதரன் அவள் முகத்தைப் பார்க்காமல் வேப்பிலையை நீட்டினார். குடத்துத் தண்ணீர் முழுவதும் ஊற்றி முடிகிற வரைக்கும் கரகத்தை நகரவிடவில்லை.