அண்ணன் போட்ட பாதை

பக்கவாதம் வந்து, காலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு திரும்பிய பிறகு அப்பாவுக்கு ஒரே ஆசைதான். யார் கையையும் பிடிக்காமல் தோட்டத்துக் கோடியில் இருக்கும் எலுமிச்சை மரத்தடிக்குப் போய் உட்கார வேண்டும். நடுவில் எப்போதும் ஈரம், வழுக்கல். லீவில் வந்த அண்ணன், "இவ்வளவுதானே, நான் கல்லு பதிச்சுத் தர்றேன்" என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான்.

அதற்கு ஒரு முறை உண்டு. நடக்கப்போகிறவரை நடக்கவிட்டு, கால் விழுகிற இடத்தில் சுண்ணாம்புப் பொடி தூவிக் குறி வைக்க வேண்டும். அப்பாவைத் தாங்கிப் பிடித்து நான் பின்வாசலுக்குக் கூட்டிவருவதற்குள், அண்ணன் தானே வீசி நடந்து குறி வைத்து முடித்திருந்தான். அவன் ஆறடி ஆள். அப்பாவோ காலை இழுத்து இழுத்து வைப்பவர்.

"அண்ணா, இது உன் காலுக்குத்தான் சரி. அப்பாவுக்கு எட்டாது."

"நெருக்கிப் போட்டா பாக்க நல்லாருக்காது. நடக்க நடக்கப் பழகிடும். எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்லாத."

கல் அசையாமலிருக்க அடியில் சிமெண்ட் வேறு. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் அப்பா முதல் கல்லில் ஏறி நின்றார். அடுத்ததற்குக் காலை நீட்டினார். எட்டவில்லை. நான் பாய்ந்து பிடிக்காவிட்டால் இடுப்பு முறிந்திருக்கும்.

இடையிடையே பதிக்கச் சின்னக் கற்களாகப் பார்த்து வாங்கி வந்தேன். அப்பா கைத்தடியை நீட்டி மறித்தார்.

"அவன் பாத்துப் பாத்துப் போட்டது. நீ கை வெக்காத."

குளிப்பாட்டுவது நான், சோறு ஊட்டுவது நான். எனக்கென்று ஒரு நல்ல வார்த்தை அந்த வாயில் வந்ததில்லை. வாங்கிய கற்கள் குழாயடியில் கிடக்கின்றன. அப்பா தோட்டத்தில் இறங்குவதே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "எம் பையன் போட்டது" என்று காட்டுகிறார்.

நேற்று அண்ணன் போன் செய்தான். அப்பாவுக்குக் கை நடுங்கும், அதனால் நான்தான் அவர் காதருகே பிடித்திருந்தேன்.

"தினமும் நடக்கறீங்களாப்பா?"

"நடக்காம? மரத்தடி வரைக்கும் தனியாவே போய்ட்டு வர்றேன். உன் தங்கச்சிதான் அதை மாத்தியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் விடல."

அவர் பேசி முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.