மூன்று பாட்டு வந்து சேர்ந்த விவரம்

கோடை விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் மேடையில் வாசித்த மூன்று பாட்டும் ஏழு வருடம் நாலு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்குத்தான் கேட்டன. இதற்காக யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த ஹாலின் மேடையில் எழுகிற சத்தம் அன்றைக்கே கேட்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மேடைக்குக் கீழே ஒரு குறையும் இல்லை. நாற்காலியை இழுத்தால் இழுத்த சத்தம் உடனே வரும், யாராவது இருமினால் இருமல் கேட்கும். மேடை ஏறிவிட்டால் மட்டும் தொண்டை கிழியக் கத்தினாலும் கத்தியவர் காதுக்கே எட்டாது. சத்தம் எங்கேயும் தொலைந்துபோவதில்லை. தாமதமாக வரும், அவ்வளவுதான்.

கிதார் மாஸ்டர் அந்த ஹாலைப் பிடித்ததே அதற்காகத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ராக் இசைப் பயிற்சி நடத்துவது அவர் தொழில். ஆறு வாரம் பயிற்சி, வருடத்துக்கு ஐந்து பேர் கொண்ட ஒரு குழு, கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் முன்னால் கச்சேரி. முதலில் ஒரு மாடிவீட்டில் நடத்தினார், கீழ்வீட்டுக்காரர் துரத்தினார். பிறகு ஒரு பழைய ஷெட்டுக்குப் போனார், பக்கத்துத் தெருவே திரண்டு வந்து கதவைத் தட்டியது. டிரம்ஸ் அடிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை இடம்தான் மாறுவார்? இந்த ஹாலின் சொந்தக்காரர் தயங்கித் தயங்கி மேடையின் குறையைச் சொன்னபோது மாஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பின்னறைச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து அங்கே பயிற்சி வைத்தார். பெற்றோர் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. “வேகும்போது மூடியத் தெறக்காதீங்க” என்பார். கச்சேரி அழைப்பிதழின் அடியில் ‘ஒலி பின்னர் வந்து சேரும்’ என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தார்.

முதல் வருடத்துச் சத்தம் பதினோரு நாளில் வந்தது. ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். “பரவால்ல, நல்லாத்தான் அடிக்குதுங்க” என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் பெருக்கினாள். இரண்டாம் வருடத்துச் சத்தம் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்த ஒரு ரத்ததான முகாமின் நடுவில் வந்து விழுந்தது. இரண்டு பேருக்கு ஊசி இடம் மாறிக் குத்தியதைத் தவிரச் சேதம் ஏதும் இல்லை. பிள்ளைகள் வாசித்தது தங்கள் காதில் விழவில்லையே என்று பெற்றோர் யாரும் புகார் சொல்லவில்லை. போட்டோ நன்றாக வந்திருந்தது, அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் வருடம் சில்லு சேர்ந்தாள். முன்பல்லில் ஓரமாக ஒரு சில்லு உடைந்திருந்ததால் வீட்டில் அந்தப் பெயர். பதினைந்து வயது, பாட்டுக்காரி. அம்மா ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் காஜா மெஷினில் வேலை பார்த்தாள், ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைக்குப் பட்டன் ஓட்டை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக்கு மேலே மெஷின் ரூமில் மோட்டாரின் பக்கம் தலையைச் சாய்த்து நின்றே எந்தக் கப்பியில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காது அவருக்கு. அதனாலேயே வீட்டில் அவருக்குச் சத்தம் ஆகாது. “நாள் பூரா சத்தத்துக்குள்ளயே கெடக்கறேன், வீட்டுலயாவது சும்மா இருங்களேன்” என்பார். சில்லு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடிப் பழகினாள். அவர் காதில் விழுந்ததெல்லாம் பஞ்சைத் தாண்டி வந்த ஒரு முனகல்தான். கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம், பெண் எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்தார்.

கச்சேரியன்று இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பார்த்து, டிரம்ஸ் குச்சி விழுகிற கணக்கை வைத்து வாசித்தார்கள். சில்லு மேடையின் இடது ஓரத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, உடைந்த பல் தெரிய வாயைத் திறந்து பாடினாள். தன் வீட்டில் இத்தனை நாள் சாப்பிட்டுத் தூங்கிய பெண் இவள்தானா என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருக்கு மகளின் குரலைக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. வாழ்க்கையில் வேறு எதற்கும் அவர் அப்படி ஆசைப்பட்டதில்லை. திரும்பும் வழியில் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டே, ஒரு வரி பாடிக் காட்டச் சொன்னார். “போங்கப்பா, பேண்டு இல்லாம பாடினா கேவலமா இருக்கும். அதான் வரும்ல, அப்போ கேட்டுக்கோங்க” என்றாள் சில்லு.

அந்த வருடம் முடிவதற்குள் வந்துவிடும் என்று மாஸ்டர் கணக்குச் சொன்னார். வரவில்லை. மழை தொடங்கியதும் சில்லுவுக்குக் காய்ச்சல் வந்தது, ஒன்பதாம் நாள் போய்விட்டாள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் போனில் பாட்டு ஏதாவது இருக்குமா என்று அப்பா தேடினார். தனக்குப் பிடிக்காத பதிவை உடனுக்குடன் அழித்துவிடுவது அவள் பழக்கம். அவளுக்கு ஒன்றுகூடப் பிடித்திருக்கவில்லை.

மாஸ்டர் ஹாலைக் காலி செய்துவிட்டு வேறு ஊரில் கடை வைத்தார். ஹால் மரச்சாமான் கிடங்கானது. மேடைமேல் அலமாரிகளை அடுக்கினார்கள். மேடையில் போட்டு உடைத்த சாமான்களின் சத்தமும் லோடுமேன்களின் வசவும் எந்தக் காலத்தில் வருமோ, என் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும் என்பார் கிடங்கு முதலாளி. பின்பக்கம் ஒரு சரக்கு லிஃப்ட் இருந்தது. அதைச் சும்மாவே பராமரித்துத் தருகிறேன் என்று ஒரு மெக்கானிக் தானாக வந்து நின்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அன்றிலிருந்து அவர் தினமும் அங்கே போனார். கம்பெனியில் கொடுத்த பதவி உயர்வை வேண்டாம் என்றார், ஏனென்றால் அதில் வெளியூர்ப் பயணம் இருந்தது. சொந்தத் தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை. தான் இல்லாத நேரத்தில் வந்து போய்விடுமோ என்ற ஒரே பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. காவல்காரனிடம் தன் நம்பரைக் கொடுத்து, டொக்கென்று ஒரு சத்தம் கேட்டாலும் கூப்பிடச் சொல்லியிருந்தார். மற்றப் பெற்றோர் ஒரு வருடம்வரை விசாரித்தார்கள், பிறகு மறந்துபோனார்கள். டிரம்ஸ் அடித்த பையன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். கிதார்ப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது.

மனைவி காத்திருக்க மறுத்துவிட்டாள். “வந்தா மட்டும் என்னங்க? பாட்டு முடிஞ்சதும் மறுபடி அவ இருக்க மாட்டாதான?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு ஹாலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. மகளின் தலையணையைப் பரணில் ஏற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கும் பெயர் கொடுத்தாள்.

அந்த வியாழக்கிழமை லோடுமேன்கள் மூன்று கதவு அலமாரி ஒன்றை மேடையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, யாரும் இல்லாத இடத்திலிருந்து குச்சியோடு குச்சி தட்டும் சத்தம் நாலு முறை கேட்டது. லிஃப்ட் மெக்கானிக் சரக்கு லிஃப்டை விட்டுவிட்டு மேடைக்குக் கீழே ஓடி வந்தார். உடனே மனைவிக்குப் போன் போட்டு, “வந்துருச்சு, வைக்காத” என்று மட்டும் சொல்லிப் போனை மேடைப் பக்கம் நீட்டினார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு மாடிப்படிக்கு ஓடினாள். டிரம்ஸ் வந்தது, பேஸ் கிதார் வந்தது, இரண்டு கிதாரும் வந்தன. ஒரு பையன் ஒரு தட்டு முன்னாலேயே தொடங்கித் தடுமாறிச் சேர்ந்துகொண்டதுகூடத் துல்லியமாகக் கேட்டது. குரல் மட்டும் வரவில்லை. இதோ இப்போது, இதோ அடுத்த அடியில் என்று அவர் காத்திருக்க, முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் அப்படியே ஓடியது. லோடுமேன்கள் அலமாரியைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன், “வாசிக்கறாங்க சரி, பாடறவங்க யாரும் இல்லியாண்ணே?” என்று வெள்ளந்தியாகக் கேட்டான். அவருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் கிதார்கள் கொஞ்சம் ஓய்ந்தன. அந்தச் சின்ன இடைவெளியில், மேடையின் இடது ஓரத்திலிருந்து, மைக்கின் உதவி இல்லாமல், பக்கத்தில் நின்று பேசுகிற அளவுக்கு ஒரு பெண்குரல் கேட்டது.

“அப்பா, மைக்கு ஆன்லதான இருக்கு?”

பிறகு மூன்றாவது பாட்டு தொடங்கியது. மைக் இல்லாத குரல் இரண்டு கிதாருக்கும் டிரம்ஸுக்கும் அடியில் எங்கே கேட்கும்? பேரிங் தேய்வதைக் கேட்கிற காதுக்குக்கூடக் கேட்கவில்லை.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மேடை ஏறுவதற்கு முன் ஷூ கயிற்றைக் கட்டுவதற்காகச் சில்லு மைக்கை அவர் கையில் கொடுத்திருந்தாள். அதில் பச்சை விளக்கு எரிந்தது. கரண்டு ஓடுகிற எதையும் அணைக்காமல் இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். தன்னோடு வேலை பார்த்தவரின் இரண்டு விரல் அணைக்காத மோட்டாரில் போனதை நேரில் பார்த்தவர் அவர். கட்டைவிரல் தானாகப் போய் சுவிட்சைத் தள்ளியது, மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். சவுண்டுக்காரர் தன் போர்டில் ஒரு விளக்கு எரியாததைப் பார்த்துவிட்டு, பல்பு போயிருக்கும் என்று விட்டுவிட்டார். வேறு எந்த ஹாலாக இருந்தாலும் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். சில்லுவுக்கு மட்டும் என்னவோ சந்தேகம் தட்டியிருக்கிறது, குனிந்து மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கேட்டாள். உதடு அசைந்ததைப் பார்த்த அப்பா, நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள்போல என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளும் திருப்தியாகச் சிரித்துவிட்டு மூன்றாவது பாட்டை முன்னைவிடப் பலமாகப் பாடினாள்.

மூன்றாவது பாட்டும் முடிந்தது. அன்றைய கைதட்டல் மேடைக்குக் கீழே நடந்ததால் அது அன்றைக்கே கேட்டு முடிந்திருந்தது. இப்போது வெறும் அமைதிதான். லோடுமேன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கை தட்டினார்கள். அவர் போனைக் காதில் வைத்தபோது மனைவி மூச்சு விடுவது கேட்டது.

“அவ கேட்டாளேங்க. ஆன்லதான இருந்துச்சு?”

“ஆன்லதான் இருந்துச்சு” என்றார் அவர்.

“அப்பறம் ஏன் பாட்டு கேக்கல?”

அவளே கொஞ்சம் யோசித்து, “சரி, அது மட்டும் இன்னும் வரல போல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துக்குத்தான வரும். நாளைக்கு நானும் வர்றேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அது நடந்து நாலு வருடம் ஆகிறது. மனைவி காஜா வேலையை விட்டுவிட்டாள். தினமும் காலை ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு கிடங்குக்கு வந்துவிடுகிறாள். முதலாளி, விற்காத நாற்காலி ஒன்றை அவளுக்கென்று மேடைக்குக் கீழே இடது ஓரத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார். முன்னைவிட உடம்பு தேறியிருக்கிறாள், லோடுமேன்களிடம் சிரித்துப் பேசுகிறாள், எங்க பொண்ணு பாட்டு வரப்போகுது, கொஞ்சம் மெதுவா நடங்கப்பா என்கிறாள். அவர்களும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வேலை செய்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் கிளம்பி வருகிறார். வந்ததும் சரக்கு லிஃப்டின் கப்பிக்குக் கிரீஸ் போடுகிறார், அந்தக் கிரீச்சுச் சத்தம் அவள் கேட்பதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று.