இரண்டு முதல் ஐந்து வரை வர இயலாது

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஃப்ராங்கா தீயணைப்பு நிலையத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். ஹைனர்ஸ்பாக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் கருவிகளுக்குப் பொறுப்பு அவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே வரிசைதான்: முதலில் மூச்சுக் கருவிகளின் காற்றழுத்தம், அடுத்து குழாய்கள், அடுத்து வண்டியின் டயர்கள், கடைசியில் பேஜர்களை மின்னேற்றும் மேடை. வரிசை மாறிவிட்டால் எதையோ விட்டுவிட்டோம் என்று வாரம் முழுக்க உறுத்திக்கொண்டே இருக்கும்.

அந்த மேடை எப்போதும் காலியாகத்தான் கிடக்கும். தீ என்றால் ஆட்களைக் கூப்பிடும் பேஜர் எந்நேரமும் இடுப்பில் இருக்க வேண்டிய பொருள். அவளுடைய அண்ணன் சில்வியோ அதைத் தன் கல்யாணத்தன்று கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு நின்றவன். இன்று மேடையில் மூன்று பேஜர்கள் வரிசையாக நின்றன. ஏழு, பதினொன்று, பதினான்கு. மூன்றிலும் பச்சை விளக்கு, முழுதாக மின்னேறியிருந்தது.

ஏழு சில்வியோவுடையது. பதினொன்று என்ரிகோ. பதினான்கு மைக்.

அவள் சுவரில் தொங்கிய வராதோர் பட்டியலைப் பார்த்தாள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்பது படையின் விதி. ஆறு பேர் சேராமல் வண்டி கிளம்பக் கூடாது. யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பக்கத்து ஊர் வண்டியைச் சேர்த்துக் கூப்பிடலாமா என்று கட்டுப்பாட்டு அறை முடிவு செய்யும். மூன்று பேரும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள்.

சில்வியோ ஹென்ட்ஷெல்: இன்று இரண்டு முதல் ஐந்து வரை. மாமியார் பிறந்தநாள்.

என்ரிகோ: இரண்டு முதல் ஐந்து வரை. பல் வைத்தியர்.

மைக்: இரண்டு முதல் ஐந்து வரை. காரணம் எழுதும் கட்டம் காலி.

சில்வியோவின் மாமியாருக்குப் பிறந்தநாள் மார்ச் மாதத்தில். இப்போது செப்டம்பர். சனிக்கிழமை மதியம் திறந்திருக்கும் பல் வைத்தியர் அந்த மாவட்டத்திலேயே கிடையாது.

ஃப்ராங்கா பட்டியலை மூன்று முறை படித்தாள். பிறகு, படித்தது போதாது என்பது போல, தன் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதும்போதே தன்மேல் சந்தேகம் வந்தது. சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குவது அவளுக்குப் பழக்கம் என்று அம்மா சொல்வாள். ஆனால் வியாழக்கிழமைப் பேச்சு மண்டையைவிட்டுப் போகவில்லை.

வியாழன்தோறும் பயிற்சி முடிந்து நிலையத்தின் பின்னறையில் பீர் குடிப்பார்கள். மேட்டுத் தெருவிலிருக்கும் 'மான்' என்ற பழைய விடுதியில் இந்த வியாழனுக்கு முந்தின நாள்தான் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் பதினோரு பேரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். இன்னும் முப்பது பேர் வரப்போவதாகப் பேச்சு. அதை எதிர்த்து 'நம் ஊர் நமக்கு' என்ற அமைப்பு சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சந்தைத் திடலில் ஊர்வலம் அறிவித்திருந்தது. விளக்குக் கம்பம் ஒன்றுவிடாமல் அதன் சுவரொட்டி.

"அந்த விடுதி பூரா காய்ஞ்ச மரம்," என்றான் என்ரிகோ. "ஒரு நாள் தானாவே பத்திக்கும் பாரு."

"பத்திக்கிட்டா நாமதான் போகணும்," என்றார் ஒருவர்.

"போவோமே. கொஞ்சம் லேட்டாகும். வழியில டிராஃபிக் ஜாஸ்தி."

ஊரில் இருப்பது ஒரே ஒரு சிக்னல். அதுவும் பாதி நாள் வேலை செய்யாது. எல்லோரும் சிரித்தார்கள். சில்வியோ மேசையில் தட்டிச் சிரித்தான். ஃப்ராங்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இப்போது விழுங்க முடியவில்லை.

அவள் சில்வியோவுக்குப் போன் செய்தாள். ஏழாவது மணியில் எடுத்தான்.

"உன் பேஜர் இங்க இருக்கு," என்றாள்.

"தெரியும். நான்தான் வெச்சேன். பட்டியல்ல எழுதியிருக்கேனே."

"மாமியாருக்குப் பிறந்தநாளா?"

போனில் அவனுக்குப் பின்னால் ஏதோ இரும்புக் கதவை இழுத்து மூடும் ஒலி கேட்டது.

"உனக்கு வேற வேலை இல்லையா? போய்க் குழாயை எண்ணு."

"என்ரிகோ, மைக் ரெண்டு பேரும் அதே நேரம்தான் எழுதியிருக்காங்க."

"ஃப்ராங்கா." குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போ. பிளம் கேக் செஞ்சிருக்காளாம். அங்கேயே இரு. நிலையத்துப் பக்கம் வராதே, சரியா?"

"ஏன் வரக்கூடாது?"

"நல்லா இருப்பியேன்னு சொல்றேன்," என்று வைத்துவிட்டான்.

காவல் நிலையத்துக்குச் சொல்லலாமா என்று யோசித்தாள். என்னவென்று சொல்வது? மூன்று பேர் வர முடியாது என்று முறையாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்றா? ஊரில் இருப்பதே இரண்டு காவலர்கள். அந்த இருவரும் மதியம் ஊர்வலத்துக்குக் காவல்.

பன்னிரண்டரைக்குச் சந்தைத் திடலுக்குப் போனாள். படைத் தலைவர் ஊலிக், பேக்கரி வாசலில் நின்று ரொட்டிக்குள் வைத்த சாசேஜ் தின்றுகொண்டிருந்தார். திடலில் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் குறிப்பேட்டைத் திறந்து வரிசையாகச் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார், மென்று முடித்தார், விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான்மா வைக்கச் சொன்னேன்."

"நீங்களா?"

"ஊர்வலத்துக்குப் போறதுன்னா போங்கடா, படையோட சட்டை, தொப்பி, பேஜர் எதுவும் மேல இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வந்தா என் தலைதானே உருளும். பசங்க வெட்கப்பட்டுக்கிட்டு ஏதோ காரணம் எழுதியிருப்பானுங்க."

"அப்போ ஊர்வலத்துக்குத்தான் வராங்களா, தலைவரே?"

"பின்ன? எனக்கும்தான் பிடிக்கல. ஆனா நடக்கிறது அவங்க உரிமை. நீ எதையும் ரொம்ப யோசிக்கிறே ஃப்ராங்கா. போய்ச் சாப்பிடு."

அவள் குறிப்பேட்டை மூடினாள். வெறும் நிம்மதி. பேக்கரிக்குள் போய் ஒரு காப்பி வாங்கினாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். சொந்த அண்ணனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டாள். பத்து வருடத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது கழுத்தளவு தண்ணீரில் இரண்டு குழந்தைகளைத் தோளில் வைத்துக் கரையேற்றியவன் அவன்.

இரண்டு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. அவள் பேக்கரிப் படிக்கட்டின் மேல் நின்று முகங்களைப் பார்த்தாள். பள்ளியில் கூடப் படித்தவர்கள், தபால்காரர், அவளுக்குப் பல் கட்டிய டாக்டர். கொடிகள், முழக்கம், மறுபடி கொடிகள். முன்னூறு பேராவது இருப்பார்கள். கடைசி ஆள்வரை பார்த்தாள். பல் டாக்டர் இருந்தார். சில்வியோ இல்லை. என்ரிகோ இல்லை. மைக்கும் இல்லை.

மணி இரண்டு எட்டு.

அவள் நிலையத்துக்கு ஓடினாள். தனியாளாகத் தீயணைக்க வண்டியை எடுக்க முடியாது. ஆனால் ஓட்டிப் பார்க்க எடுக்கலாம். அது கருவிப் பொறுப்பாளரின் வேலை. தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருவோர ஹைட்ரண்டுகளில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று பேஜர்களையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். விளக்கும் போடவில்லை, சைரனும் போடவில்லை.

மான் விடுதி வாசலுக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தினாள். தரையிலிருந்த ஹைட்ரண்டின் இரும்பு மூடியைக் கிளப்பி, நிலைக்குழாயைத் திருகி மாட்டி, நீளக் குழாயை இணைத்து விடுதிச் சுவர்வரை இழுத்துப் போட்டாள். மூன்று பேர் செய்ய வேண்டியதை ஒருத்தியாகச் செய்ததில் மேலெல்லாம் வேர்த்துவிட்டது. வால்வைத் திறந்தாள். தண்ணீர் பீறிட்டுச் சாக்கடையை நோக்கி ஓடியது.

விடுதியிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் துண்டு. தன் பெயர் ஸ்மரே என்று மார்பைத் தொட்டுக் காட்டினார். இந்த ஊர்ப் பேச்சு அவருக்குக் கொஞ்சம்தான் வந்தது.

"தீ?"

"இல்ல. சோதனை. தண்ணி சரியா வருதான்னு."

அவர் தண்ணீரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கீழே திடலிலிருந்து முழக்கம் காற்றில் வந்து போனது.

"நாங்க உள்ளே இருக்கணுமா? வெளியே வரணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். இதே கேள்வியை வேறெங்கோ பல தடவை கேட்டுப் பழகியவர் போலிருந்தது.

"பின்கதவு திறக்குமா?" என்றாள்.

"பூட்டு. சாவி ஆபீஸ்ல. திங்கள் தருவாங்க."

அவள் வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்து கடப்பாரையை எடுத்து நீட்டினாள். "உடைச்சிடுங்க. யாராவது கேட்டா தீயணைப்புப் படை சொன்னதா சொல்லுங்க. மேல எத்தனை பேர்?"

"நாலு. அதுல என் அம்மாவும். அம்மா நடக்க மாட்டாங்க."

"அம்மாவைக் கீழே கொண்டுவந்திடுங்க. இப்பவே."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கடப்பாரையோடு உள்ளே போனார்.

இரண்டு நாற்பதுக்குச் சில்வியோவின் சாம்பல் நிற வேன் மேட்டில் ஏறி வந்தது. முன்னிருக்கையில் மூன்று பேர். தீயணைப்பு வண்டியைப் பார்த்ததும் வேகம் குறைந்தது, நின்றது. சில்வியோ கண்ணாடியை இறக்கினான்.

"இங்க என்ன பண்றே?"

"ஹைட்ரண்ட் சோதனை."

"அது அக்டோபர்லதானே."

"பட்டியலை மாத்திட்டேன்."

என்ரிகோ எட்டிப் பார்த்தான். "என்ன தங்கச்சி, தனியா நின்னு தண்ணி பாய்ச்சுறே? முட்டைக்கோஸ் போட்டிருக்கியா?"

"உன் பல் எப்படி இருக்கு என்ரிகோ? டாக்டர் கீழே கொடி பிடிச்சுக்கிட்டு இருக்காரு. இப்பத்தான் பார்த்தேன்."

நடுவில் உட்கார்ந்திருந்த மைக் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வேனின் பின்பக்கம் ஏதோ தார்பாய் போட்டு மூடியிருந்தது. அதற்கடியில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

சில்வியோ இறங்கி வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினான்.

"வண்டியை எடுத்துக்கிட்டுப் போ."

"அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

"அஞ்சுக்கு அப்புறம்?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "அப்புறமும்," என்றாள்.

"இவனுங்க உனக்கு யாரு? சொல்லு. என்ன உறவு?"

பயிற்சியில் நிலவரம் சொல்வது போல அவள் வாய் தானாகச் சொன்னது. "உள்ளே பதினோரு பேர். மாடியில நாலு பேர், அதுல ஒரு அம்மா நடக்க மாட்டாங்க. பின்கதவு பூட்டியிருக்கு. மாடிப்படி மரம்."

சில்வியோ நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தான். கண் அங்கிருந்து வாசலுக்கு வந்து, பக்கத்திலிருந்த வால்நட் மரத்தில் நின்றது.

"அந்த மரம் இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் ஏணி நிக்காது," என்றான்.

சொன்ன பிறகுதான் படைக்காரனாகப் பேசிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. காது வரை சிவந்துபோனான். உள்ளே பூட்டு உடையும் சத்தம் கேட்டது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஃப்ராங்கா பையிலிருந்து ஏழாம் எண் பேஜரை எடுத்து நீட்டினாள். அவன் அதையே பார்த்தான். என்ரிகோ வேனிலிருந்து ஹாரன் அடித்தான். சில்வியோ பேஜரைப் பிடுங்குவது போல வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு வேனில் ஏறினான். வேன் பின்னாலேயே போய்த் திரும்பி, மேட்டிலிருந்து இறங்கி மறைந்தது.

அவள் வண்டியின் படியில் உட்கார்ந்தாள். வாங்கிக்கொண்டானே, கூப்பிட்டால் வருவான் என்று முதலில் மனசு ஆறியது. பிறகு இன்னொன்று உறைத்தது. படை எப்போது வேறொரு தீக்குக் கிளம்புகிறது, இந்த வாசல் எப்போது காலியாகிறது என்பதை இனி அவன் அந்தப் பேஜரிலேயே தெரிந்துகொள்வான். இரண்டில் எதற்காக வாங்கினான்? இருபத்தாறு வருடம் கூடவே வளர்ந்த ஆள். அவளால் சொல்ல முடியவில்லை.

வண்டியின் பயணப் பதிவேட்டை எடுத்தாள். பக்கங்களுக்கு எண் போட்ட ஏடு, கிழிக்க முடியாது. எடுத்தவர், நேரம், காரணம். கிளம்பும்போது அவசரத்தில் 'ஹைட்ரண்ட் சோதனை' என்று எழுதியிருந்தாள். அந்த ஏட்டில் அவள் இதுவரை ஒரு பொய்யும் எழுதியதில்லை. திருத்த வேண்டுமானால் படிக்கும்படி ஒரே கோடு போட வேண்டும் என்பது விதி. ஒரே கோடு போட்டாள். கீழே, பட்டியலில் பார்த்தது, வியாழனன்று கேட்டது, போனில் கேட்டது, வேன் வந்த நேரம் எல்லாவற்றையும் மூன்று பெயர்களோடு எழுதினாள். கட்டம் போதாமல் அடுத்த பக்கமும் நிறைந்தது. திங்கட்கிழமை ஊலிக் இதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு இரவு இருந்தது.

ஸ்மரே கடப்பாரையைத் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். "அம்மா கீழே இருக்காங்க," என்றார். பிறகு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டிக் கேட்டார். "நாளைக்கும் சோதனையா?"

"தெரியல," என்றாள். முதல்முறையாக அவரிடம் உண்மை சொன்னாள்.

அவர் போன பிறகு மாவட்டக் காவல் தலைமையகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள்.

"சம்பவம் நடந்துடுச்சா?"

"இல்ல. இன்னும் இல்ல."

"உங்க பேரு?"

"ஃப்ராங்கா ஹென்ட்ஷெல்."

"சந்தேகப்படுற ஆளுங்க பேரு சொல்லுங்க. ஒண்ணொண்ணா."

ஏட்டை மடியில் விரித்து வைத்திருந்தாள். வரிசை மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. என்ரிகோவை முதலில், சில்வியோவைக் கடைசியில். எழுதியிருந்த வரிசையிலேயே படித்தாள்.

"சில்வியோ ஹென்ட்ஷெல்."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. "அதே குடும்பப் பெயரா?"

"அண்ணன்," என்றாள் ஃப்ராங்கா. "அடுத்த பேரையும் எழுதிக்குங்க."