வாய்க்காலில் விழுந்த கோடு

அன்று பின்னிரவில் மானாம்பதி ஏரி மதகடியில் இருந்தவர்கள் நான்கு பேர். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி பெருமாள் மகன் வேதகிரி. சேரியில் அரைக்காணி நிலம் குத்தகைக்குப் பயிரிடும் செங்கேணி. பெரிய வீட்டுக் காரியக்காரன் எத்திராஜ். அவனோடு வந்த இருசப்பன். ஐந்தாவது ஆள் இல்லை. 1960, மாசி பன்னிரண்டு.

மதகுத் தண்ணீர் அங்கே இரண்டு வாய்க்காலாகப் பிரியும். பொழுது சாய்ந்தது முதல் விடிவெள்ளி முளைக்கும் வரை சேரி வாய்க்கால். வெள்ளி முளைத்தபின் பெரிய வீட்டு வாய்க்கால். முளைத்ததைப் பார்த்துச் சொல்லி, மண்கட்டை மாற்றிப் போடுவது வேதகிரி குடும்பத்தின் வேலை. அவர் அப்பா சொன்னதையோ தாத்தா சொன்னதையோ ஊரில் எவரும் மறுத்ததில்லை.

சேரியின் கடைசி நிலம் செங்கேணியுடையது. நெல் பால் பிடித்திருந்தது, தரை வெடித்திருந்தது. ஏரியில் அந்த ஓர் இரவுக்கு மட்டும்தான் தண்ணீர் மிச்சம். மற்றவர்கள் பாய்ச்சி முடித்து, அவள் முறை அப்போதுதான் வந்திருந்தது.

"இன்னும் எம்மா நேரம் கீது மாமா?"

"நாலு நாழி. வேரு நனையப் போதும். போய் உன் மடையப் பாரு."

அவள் திரும்புவதற்குள் எத்திராஜ் பூண் போட்ட தடியைக் கிழக்கே நீட்டினான். பனைகளுக்கு மேல் ஒரு விண்மீன் பளிச்சென்று நின்றது.

"வெள்ளி பனை ஒசரம் ஏறிடுச்சி. இன்னாடா தூங்கிக்கினு கீறே? மாத்து."

"அது வெள்ளி இல்ல நைனா, வியாழன். தேள் வாலாண்ட நிக்குது பாரு. தை மாசம் ரெண்டும் ஒண்ணா இருந்திச்சி. இப்ப இது முந்திக்கிச்சி. வெள்ளி வந்தா அது வெளிச்சம் வாய்க்கா தண்ணில கோடா வுழும். இன்னும் வுழல."

"தொரை மானத்துல பஞ்சாங்கம் படிக்கிறாரு," என்று இருசப்பன் சிரித்தான்.

"கார்த்திகைலேந்து மொதல்ல வர்றது வெள்ளிதான். எனக்குத் தெரியாதா? மாத்துடா!" என்றான் எத்திராஜ்.

வேதகிரி மண்கட்டின் மேல் ஏறி நின்று மண்வெட்டியை ஊன்றினார்.

"எங்கப்பன் வராத வெள்ளிய வந்துச்சின்னு சொன்னதில்ல. நானும் சொல்லமாட்டேன்."

முதல் அடி முழங்காலில் விழுந்தது. சேற்றில் மண்டியிட்டார், மண்வெட்டியை விடவில்லை. இரண்டாவது அடியில் விரல்கள் நசுங்கின. அப்போதும் விடவில்லை. இருசப்பன் பின்னாலிருந்து முடியைப் பற்றி அவர் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தான். மூன்றாவது அடியில் தடியின் பூண் இடது கண்ணில் இறங்கியது.

"கொல்றானுங்களே!" செங்கேணி பாய்ந்து இருசப்பன் கையைக் கடித்தாள். அவன் அவளை வயிற்றில் உதைத்துத் தள்ளினான். மண்வெட்டியைப் பிடுங்கி, மண்கட்டை வெட்டி எதிர்ப்பக்கம் போட்டு மிதித்தான். அவள் தவழ்ந்து வந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். எத்திராஜ் அவள் கைமேல் செருப்புக் காலை வைத்து நின்றான். தண்ணீர் பெரிய வீட்டு வாய்க்காலுக்குத் திரும்பும் வரை எடுக்கவில்லை.

பிறகு அவர்கள் இருவரும் கரையில் உட்கார்ந்து காவல் இருந்தார்கள். பீடி பற்றவைத்தார்கள். செங்கேணி தன் முந்தானையைக் கிழித்து வேதகிரியின் கண்ணில் வைத்து அழுத்தினாள். துணி நனைந்தது, மறுபடி கிழித்தாள்.

நாலு நாழிகை கழிந்தது. பனைகளுக்கு நடுவே இன்னொன்று எழுந்தது. முன்னதைவிடப் பெரியது, வெண்மையானது. ஓடுகிற தண்ணீரில் மெல்லிய கோடு ஒன்று நடுங்கிக்கொண்டு விழுந்தது.

"இது இன்னா நைனா? இதுக்கு இன்னா பேரு சொல்லுவே?" என்றாள் செங்கேணி.

இருசப்பன் எத்திராஜைப் பார்த்தான். எத்திராஜ் வானத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான்.

"கட்டுனது கட்டுனதுதான்," என்றான்.

சேரி வாய்க்காலில் கோடு விழவில்லை. அதில் தண்ணீர் இல்லை.

நீர்க்கட்டிக்கு முன்பே ஒரு கண் தெரியாது, அதனால்தான் வெள்ளி முளைத்ததைக் காணாமல் தகராறு செய்தான் என்று ஊரில் பேச்சு. அது பொய். மாசி பன்னிரண்டாம் நாள் வியாழன் முளைத்தபோது அவருக்கு இரண்டு கண்ணும் தெரிந்தன.